உப்பில் அயன் முன்பே உண்டா?

இலத்திரனை இழந்த அல்லது ஏற்ற அணு அயன் எனப்படும். இழந்தால் நேரேற்றம் பெற்றுக் கற்றயனாகும். ஏற்றால் மறையேற்றம் பெற்று அனயனாகும். சோடியம் தன் 11 இலத்திரன்களில் ஒன்றை விடுகிறது. குளோரின் ஒன்றை ஏற்று 18 ஆக்கிக்கொண்டு குளோரைட்டாகிறது. கல்சியம் இரண்டை இழக்கும். தனி அணு மட்டுமன்றி அணுக்கூட்டமும் ஏற்றம் தாங்கும். அமோனியம், நைத்திரேற்று, இருகாபனேற்று ஆகியவை அத்தகைய பல்லணு அயன்கள். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால் அதில் கல்சியமும் இருகாபனேற்றும் மிகுதி. கொதிக்கும்போது இருகாபனேற்று சிதைந்து காபனேற்றாகிக் கல்சியத்தோடு சேர்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான்.

இனி, பாடப்புத்தகம் நின்று பேசாத ஒரு கேள்வி. உப்பு கரையும்போது அயன் பிறக்கிறதா, உப்பிலேயே இருந்ததா?

சைவசித்தாந்தம் வேரூன்றிய குடாநாட்டுக்கு இந்த வழக்கு பழையது. காரியம் காரணத்தில் சூக்குமமாக முன்பே உள்ளது என்பது சித்தாந்தம் கொள்ளும் சற்காரியவாதம். காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்பர் நியாய வைசேடிகர்.

ஆனையிறவு உப்பளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் முன்பு படியும், பிறகே கறியுப்பு சதுர மணிகளாக விளையும். மகனீசியம் உப்புகள் பெரும்பாலும் மிஞ்சும் கசப்பு நீரோடு தங்கிவிடும். அந்த உப்பு மணி காய்ந்த நிலையில் மின்னைக் கடத்தாது, கரைத்தால் கடத்தும். ஆகவே மூலக்கூறு நீரில் பிரிந்தே அயனாகிறது என்று 1884இல் சுவீடனின் அறீனியசு கருதியதில் வியப்பில்லை. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு பளிங்கை ஆராய்ந்தபோது அங்கே மூலக்கூறே காணப்படவில்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருந்தன. அசைய இடமில்லாததால்தான் மின் பாயவில்லை. நீர் எதையும் ஆக்கவில்லை, கட்டை அவிழ்த்தது.

சற்காரியவாதத்தை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று மேடையில் சொல்ல இது போதும். ஆனால் ஐதரசன் குளோரைட்டு வாயு குறுக்கே நிற்கிறது. அதில் இரு அணுக்களும் இலத்திரன்களைப் பகிர்ந்துள்ளன. அயன் எதுவும் இல்லை. நீர் அதன் புரோத்தனைப் பறித்த பிறகே அயன்கள் உண்டாகின்றன. இங்கே வைசேடிகர் பக்கம் தராசு சாய்வதுபோல் தெரியும்.

சித்தாந்தியிடம் மறுமொழி உண்டு: அயனாகும் சத்தி வாயுவில் சூக்குமமாக இருந்தது, நீர் துணைக்காரணம் மட்டுமே. குயவனின் சக்கரம் குடத்தின் மண்ணைத் தருவதில்லை அல்லவா? மறுமொழி செம்மையானதே. ஆனால் அயன் முன்பே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பொருந்திவிடுகிறது. எந்தச் சோதனை முடிவாலும் அசையாத கொள்கைக்கு அந்த முடிவுகளையே சான்றாகக் காட்ட முடியாது. சித்தாந்தத்தில் சற்காரியவாதம் மாயையிலிருந்து உலகம் தோன்றுவதை விளக்கும் தருக்கம். அதன் பலமும் பலவீனமும் அந்தத் தருக்கத்திலேயே தேடப்பட வேண்டியவை, இரசாயன ஆய்வுகூடத்தில் அல்ல.