ஒறுத்தலும் ஊதியமும்

பல குடும்பத்தார் ஒரு முற்றத்தைப் பொதுவிற்கொண்டு வாழுமிடத்து, அம்முற்றத்தின் ஒரு கூற்றை ஒருவர் தமக்கென வரைந்துகொள்ளுதல் எவ்வகை உரிமை? அவ்வரையறையைப் பிறர் கடந்தவழி அவரை ஒறுத்தற்குரியார் யாவர்? இவ்விரண்டும் பழைய வினாக்கள். மோட்டார் வண்டிகள் மலிந்த இந்நாளில் இவை அடுக்குமாடிக் குடியிருப்புக்களின் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றி எழுகின்றன. சிறுபொருள் பற்றிய பூசலென்று அறிஞர் இதனை ஒதுக்குதல் தகாது. ஒரு வண்டி நிற்கும் அளவினதாய துண்டு நிலத்தின்பொருட்டு, பல்லாண்டு அயலாராய் வாழ்ந்தோர் முகங்கொடாது ஒழுகுதலைக் காண்கின்றோம். பெரும்பொருள் பற்றிய வழக்கில் மறைந்துகிடக்கும் மனக்கோட்டம் இத்தகைய சிறுவழக்கில் வெளிப்பட நிற்கும்.

முதல் வினாவை முன்னர் ஆராய்வாம். நிறுத்துமிடம் வீட்டைப்போல் ஒருவர்க்கு முழுதுடைமையாதல் அரிது. வீட்டின்கண் உரியவர் இல்லாதபோதும் அவர்தம் பண்டங்கள் உள. நிறுத்துமிடமோ வண்டி நீங்கியவழி வெறுநிலமாம். அதனூடே குழந்தைகள் செல்வர். பால் கொணர்வோன் செல்வன். நோயாளரைத் தாங்கிய கட்டிலும் செல்லும். ஆதலின் அதன்கண் ஒருவர்க்குள்ளது, குறித்ததொரு பயனைக் குறித்தவாறு கொள்ளும் உரிமையென்றே யாம் கருதுகின்றோம். பம்பாயின் தகிசர்ப் பகுதியில் எழுந்ததொரு வழக்கில், 2010 ஆகஸ்டு 31-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் கண்ட முடிபு இதனோடு இயைபுடையது. தூண்களின்மேல் எழுப்பிய மாளிகையின் கீழ்த்தளத்து நிறுத்துமிடங்களைத் தனித்தனியே விற்கும் உரிமை தமக்குளதென்றனர், கட்டடம் எழுப்பிய நிறுவனத்தார். வீடு கொண்டோர் சங்கத்தார் அதனை மறுத்தனர். மகாராட்டிரத்து 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்விடம் வீடெனத் தனித்து விற்கத்தக்கதன்றென்றும், குடியிருப்போர்க்குப் பொதுவாய பகுதியென்றும் மன்றம் துணிந்தது. 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளுள் வைத்தெண்ணிற்று.

பொதுவென்றமையால் ஒழுங்கு வேண்டாவென்பது போதராது. பொதுவாதலினாலேயே ஒழுங்கு மிக வேண்டும். அவ்வொழுங்கைக் காத்தற்கு யாரை அமர்த்துவது, எவ்வாறு அமர்த்துவது என்பனவே இரண்டாம் வினாவின் உயிர்நிலை. இவ்வழக்கு இங்கிலாந்து தேயத்தில் முற்ற முதிர்ந்துளதாகலின், ஆண்டை நிகழ்ச்சிகளைக் கொண்டு மேற்செல்வாம்.

அந்நாட்டில், குடியிருப்பின் ஆட்சியாளரும் கடைத்தொகுதிக்குரியாரும் தம் நிலத்தைக் காக்கத் தனியார் நிறுவனங்களை அமர்த்துவர். அந்நிறுவனங்களுட் பல கூலி பெறுவனவல்ல. பிழைபுரிந்த வண்டியாளரிடம் கொள்ளும் கட்டணமே அவற்றின் வருவாய். சுவரின்கண் ஓர் அறிவிப்புப் பலகை நாட்டப்படும். அதனைக் கண்டு வண்டியை நிறுத்தினவர் அதிற் கூறிய நிபந்தனைகட்கு உடம்பட்டவராவர் என்பது அந்நாட்டுச் சட்டநெறி. முன்னாளிற் சக்கரத்திற்குப் பூட்டிட்டு, பொருள் கொடுத்தாலன்றி வண்டியை விடாதிருக்கும் வழக்கமும் இருந்தது. 1992-ல் ஸ்காத்லாந்தின் உயர் குற்றவியல் மன்றம் அச்செயலை அச்சுறுத்திப் பொருள் பறித்தலும் களவுமாம் என்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 அக்டோபர் முதல்நாள் தொடங்கித் தனியார் நிலத்தில் அது குற்றமாயிற்று. ஆயின் பூட்டை விலக்கிய அதே சட்டம் நிறுவனத்தார்க்கு வேறொரு கருவியை நல்கிற்று: வண்டியை ஓட்டியவர் இன்னாரெனத் தெரியாவிடில், வண்டி யார் பெயரிற் பதியப்பட்டதோ அவரிடமே கட்டணத்தைக் கேட்கலாம் என்பது அது. அவர் பெயரும் இருப்பிடமும் வேண்டுவார்க்கு, அரசின் பதிவு அலுவலகம் ஒரு விண்ணப்பத்திற்கு 2.50 பவுண்டு பெற்றுத் தரும் வழக்கம் உண்டாயிற்று.

இந்நெறியின் பெருவழக்கு செம்சுபோர்டு நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றில் தோன்றியது. அங்கே இரண்டு மணிநேரம் வண்டியை இலவசமாக நிறுத்தலாம். 2013 ஏப்ரலில் ஒருவர் 56 நிமிடம் மிகையாக நிறுத்தினார். 85 பவுண்டு கேட்கப்பட்டது. 14 நாட்களுட் கொடுப்பின் 50 போதும். அவர் கொடாது வழக்காடினார். 2015 நவம்பர் 4-ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் எழுவருள் அறுவர் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புரைத்தனர், ஒருவர் மாறுபட்டனர். வருவோர் பலர்க்கும் இடம் கிடைத்தற்கு வரம்பு வேண்டும், வரம்பிற்குக் கட்டணம் வேண்டும், அக்கட்டணமும் வரம்பிகந்ததன்று என்பது பெரும்பான்மையோர் கருத்தின் சுருக்கம்.

இவ்வழக்கின்கண் எம் உள்ளத்தை ஈர்த்தது பிறிதொன்று. நிலத்துக்குரியார் நிறுவனத்தார்க்குக் கூலி கொடுத்திலர். நிறுவனத்தாரே வாரந்தோறும் 1000 பவுண்டு நிலத்துக்குரியார்க்குக் கொடுத்து வந்தனர். காவலாளன் தலைவனுக்குக் கூலி கொடுக்கும் விந்தையை யாண்டும் கேட்டிலேம். காவலுக்கு அவன் விலை கொடுக்கின்றான் எனின், அவன் கொள்வது பிறர் பிழையையேயாம். எல்லாரும் காலந்தவறாது வண்டியை எடுத்துச் செல்வாராயின் அந்நிறுவனம் ஒரு திங்களும் நில்லாது. வரம்பு காக்கப்படுதல் நிலத்துக்குரியார் கருதிய பயன். அது கடக்கப்படுதல் காவலர் கருதும் பயன். ஒரு தொழிலின் நோக்கமும் அதனைச் செய்வோனது வாழ்வும் இவ்வாறு ஒன்றையொன்று மறுத்து நிற்குமாயின், பலகையின் எழுத்துச் சிறுத்தலும், கருணைக்காலம் குறைதலும் தாமே வந்தெய்தும். அதற்குத் தீய உள்ளம் படைத்தோர் வேண்டுவதில்லை.

தந்தை மகனை ஒறுக்கின்றான். ஆசான் மாணாக்கனை ஒறுக்கின்றான். அவரை யாரும் வெறாமைக்குக் காரணம், ஒறுத்தலால் அவர்க்கு வருவதோர் ஊதியமின்மையே. இறைவன் செய்யும் ஒறுப்பை நம் நூலோர் மறக்கருணை என்று வழங்குதலும், ஆண்டு ஒறுப்போன் தனக்கெனக் கருதும் பயன் யாதுமின்மையானன்றோ?

அற்றாயின், நகராண்மையாரும் அரசும் தண்டப்பொருளைக் கொள்கின்றனரே, அவர்க்கும் இக்குற்றம் ஒக்கும் எனின், ஒருபுடை ஒக்கும். ஆயின் அங்கே வேலி இடப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் 1984-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், நிறுத்துமிடத்தான் வரும் மிகைப்பொருளை இன்னின்ன வழிகளிற் செலவிடவேண்டுமென வரையறுத்தது. இலண்டனைச் சார்ந்த பார்னெட் நகராண்மையார், தெருவிற் குடியிருப்போர் தம் வண்டியை நிறுத்தற்குப் பெறும் சீட்டின் ஆண்டுக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தினர். பிற செலவுகட்குப் பொருளீட்டுதலே அவ்வுயர்வின் கருத்தாயிருந்தது. 2013-ல் உயர்நீதிமன்றம், அச்சட்டம் வரிதண்டும் கருவியன்றென்று அதனைத் தள்ளிற்று. அரசினரையே கட்டுப்படுத்தும் இந்நெறி தனியாரைக் கட்டுப்படுத்தாதொழிதல் வியப்பேயாம்.

இனி, குடியிருப்பின்கண் இது எவ்வாறு முடிகின்றதென்பதற்கு ஆக்சுபோர்டு நகரத்து மாவட்ட மன்றத்தில் 2016-ல் முறையீட்டின்மேல் தீர்ந்த வழக்கொன்று சான்றாம். ஒரு பெண்மணி மாடிக்குடியிருப்பொன்றில் வாழ்ந்தார். அவர்க்கெனக் குறித்த நிறுத்துமிடமும் இருந்தது. ஒருநாள் கனத்த மேசையொன்றைக் கொணர்ந்தவர், அதனைத் தம் நிறுத்துமிடத்திலிருந்து சுமந்துசெல்லல் அரிதாகலின், கட்டடத்தின் வாயிலருகே வண்டியைச் சில நிமிடம் நிறுத்தி இறக்கினார். அதற்குள் வண்டியின்மேல் அபராதச்சீட்டு வந்துவிட்டது. நோக்குக: அவர் அயலாரல்லர், பிறரிடத்தைக் கவர்ந்தவரும் அல்லர். எவருடைய இருப்பை இனிதாக்குதற்கு அவ்வொழுங்கு வகுக்கப்பட்டதோ, அவருள் ஒருவரே அவ்வொழுங்கினாற் பிடியுண்டார். மேல்முறையீடு கேட்ட நீதிபதி, பொருளிறக்க நிற்றல் வேறு, நிறுத்திவைத்தல் வேறு எனப் பகுத்தனர். கடிதமும் உணவுப்பொருளும் கொணர்வோர் சிறிதுநேரம் நிற்கவும் கூடாதாயின் அத்தகைய கட்டடத்தில் வாழ்க்கை நடவாதென்றும், குத்தகைப் பத்திரத்தின்படி வாயிலையடையும் வழியுரிமை அப்பெண்மணிக்குண்டென்றும், அதனை ஆட்சியாளர் பின்னர் நாட்டிய பலகையாற் குறைத்தலாகாதென்றும் கூறி, அவர்க்குச் சார்பாக முடித்தனர்.

மேசை இறக்கும் அயலாரை மாடத்தினின்று கண்ட ஒருவர் யாது செய்வர்? உதவிக்கு இறங்கி வருவர், அன்றேல் வாளாவிருப்பர். அளவின்மிக நின்றாராயின், எடுத்துவிடுக என ஒரு சொற் சொல்வர். அச்சொல்லின்கண் காலமும் நிலையும் நோக்கும் அறிவு உண்டு. பிழையால் ஊதியம் பெறுவோனுக்கோ அந்நோக்கம் இழப்பாகும். இவ்வறிவைக் கழித்த ஒழுங்கையே குடியிருப்போர் பலர் அமைதியென்று கருதி வாங்கிக்கொள்கின்றனர். தாம் சொல்லக் கூசியதனைச் சொல்லப் பிறரை ஏவுதலே அவ்வமைதி.

இங்ஙனமாயின், வேண்டுமென்றே பிறரிடத்தை நாடோறும் கவரும் வன்கண்ணரை என் செய்வது என வினவுவாருளர். இவ்வினா நேரியது. நள்ளிரவிற் பணிமுடிந்து மீள்வோர் தமக்குரிய இடத்தில் வேற்று வண்டி நிற்கக் கண்டு தெருத்தெருவாய் இடந்தேடுதல் மெய்யான துன்பம்; அதனைப் பொறுத்தருள்க என்று பிறர் போதித்தல் எளிது. காவலும் வேண்டும், ஒறுப்பும் வேண்டும் என்பதை யாம் மறுத்திலேம். காவலனுக்குக் குடியிருப்போர் தம் பொதுப்பணத்தினின்று குறித்த கூலி கொடுக்க. தண்டப்பொருள் அப்பொதுப்பணத்திற் சேர்க. ஒறுக்கப்பட்டோர் முறையிட்டால் அதனைக் கேட்போர் அப்பொருளிற் பங்கிலாராகுக. இவை செய்தற்கரியன அல்ல, சிறிது செலவுடையன. செலவின்றிக் காவல் கிடைக்கும் என்ற ஆசையினாலேயே பலர் அந்நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகின்றனர்.

இந்நெறியைச் சீர்செய்யப் பிரித்தானியப் பாராளுமன்றம் 2019-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்வழி நடைமுறை விதித்தொகுதி ஒன்று 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. கட்டணத்தின் உச்ச அளவைக் குறைத்தலை எதிர்த்து நிறுவனத்தார் வழக்குத் தொடர, அவ்வாண்டு ஜூன் திங்களில் அரசு அதனை மீட்டுக்கொண்டது.