முன்னோர் புகழ் நமக்கு உரியதா?

ஒரு வினா நெடுநாளாக என்னை விட்டு அகலவில்லை. அதைக் கேட்டவர் அறிஞர் அல்லர். ஆறாம் ஆண்டில் பயின்ற ஒரு மாணவி. ரவாங்கில் நான் பணிபுரியும் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்தார். அவருடைய தமிழ் வகுப்பை அன்று நான் ஏற்க நேர்ந்தது. பாடம் முடிந்து எஞ்சிய பொழுதில் பண்டைத் தமிழரின் கடல் வாணிகத்தைப் பற்றிக் கூறினேன். கிரேக்கர் நம் நாட்டு மிளகைத் தேடிக் கடல் கடந்து வந்ததையும், நம் புலவர் அவர்களை யவனர் என்று பாடியதையும் எடுத்துரைத்தேன். என் குரலில் பெருமிதம் ஏறியிருக்க வேண்டும். பிள்ளைகளின் முகங்களும் மலர்ந்தன. அப்பொழுது அந்த மாணவி எழுந்து, "ஐயா, அந்த மிளகைப் பறித்தவர்களின் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாள்.

அவளுடைய பாட்டி இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த வினா இயல்பாகவே எழுந்தது. "நாளை சொல்கிறேன், அம்மா" என்று கூறி வகுப்பை முடித்தேன். நாளையும் வந்தது, விடைதான் வரவில்லை. அந்த வினாவுக்குள் மற்றொரு வினா மறைந்திருப்பதைப் பின்னரே உணர்ந்தேன். முன்னோர் செய்ததற்கு நாம் பெருமை கொள்வது முறைதானா? அவர்களுடைய புகழ் எவ்வகையில் நமக்கு உரியதாகிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுகள் சொல்வன

பெருமை கொள்ளச் சான்றுகளுக்குக் குறைவில்லை. அயோனியா என்னும் கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து கிளைத்த யவனர் என்னும் சொல், தமிழில் கிரேக்கரையும் பின்னர் உரோமானியரையும் சேர்த்தே குறித்தது. முசிறித் துறையில் அவர்கள் பொன் தந்து மிளகு பெற்றதை அகநானூறு கூறுகிறது. நெடுநல்வாடையில் அவர்கள் செய்த பாவை விளக்கு எரிகிறது. முல்லைப்பாட்டில் அவர்கள் மன்னனின் பாசறையைக் காத்து நிற்கின்றனர். அவர்கள் கொணர்ந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. உறவு எப்பொழுதும் இனிமையாகவே இருந்ததென்றும் கூறவியலாது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கையைப் பின்கட்டித் தலையில் நெய் வார்த்த செய்தியையும் பதிற்றுப்பத்தின் பதிகம் தருகிறது.

கிரேக்க மொழியிலும் சான்றுகள் உள. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த, பெயர் தெரியாத ஒரு வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறியையும் பிற தமிழகத் துறைகளையும் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அத்துறைகளோடு நாம் வாழும் இத்தீபகற்பத்தையும் தம் நிலநூலில் சேர்த்து, அதனைப் பொன் தீபகற்பம் என்று அழைத்தார். வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஒரு பாப்பிரஸ் ஏடு, முசிறி வாணிகத்துக்காகச் செய்யப்பட்ட கடன் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. அதில் ஹெர்மபொலோன் என்னும் கப்பலின் பெயரும் அது சுமந்து சென்ற யானைத் தந்தத்தின் கணக்கும் உள்ளன. செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே என்னும் பழந்துறையை அகழ்ந்தபோது, ஒரு கோயிலின் முற்றத்தில் இந்தியச் சாடியொன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

இவையெல்லாம் உண்மை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யவனர் நம்மைப் புகழ்வதற்காக வரவில்லை; மிளகு வாங்க வந்தனர். வணிகன் எழுதிய குறிப்பு விலையையும் துறையையும் பற்றியது. அயலார் ஒரு பொருளை விரும்பி வாங்கினர் என்பதனாலேயே அதை விற்றவர் உயர்ந்தவராகிவிடுவதில்லை. நம் முன்னோரின் உயர்வுக்கு யவனரின் பொன்னைச் சான்றாகக் காட்டும்பொழுது, நம்மை அளக்கும் கோலை நாமே பிறர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

மரபுக்கு உரியவர் யார்?

முசிறி சேரர் துறை. அதன் இருப்பிடம் எனப் பலராலும் கருதப்படும் பட்டணம் என்னும் ஊர் இன்று கேரளத்தில் உள்ளது. அங்கு 2007ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடைபெற்றது. அம்மண்ணில் வாழ்வோர் பேசுவது மலையாளம். அவ்வாறாயின் முசிறியின் புகழ் அங்கு வாழும் அவர்களுக்கா, அதனைப் பாடிய மொழியைப் பேசும் நமக்கா? குருதியையும் நிலத்தையும் மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.

கிரேக்கரின் வரலாறே இதற்கு வழிகாட்டுகிறது. கிரேக்கர் தம் எழுத்தைப் பினீசியரிடமிருந்து பெற்றனர். நில அளவைக் கலை எகிப்திலிருந்து வந்ததென்று அவர்களுடைய வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதினார். அவ்வாறு பெற்று வளர்த்த அறிவை அவர்களுக்குப்பின் காத்தவர் யார்? கான்ஸ்டாண்டிநோபிளில் ஏடுகளைப் படியெடுத்தோர் ஒருபுறம். மறுபுறம், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இசாக் என்னும் கிறித்துவ மருத்துவர் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொர்டோபாவில் பிறந்த இப்னு ருஷ்து என்னும் இசுலாமிய அறிஞர் அரிஸ்டாட்டிலுக்கு உரை வரைந்தார். அவ்வுரையைக் கற்றே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அரிஸ்டாட்டிலை மீண்டும் அறிந்தன. இவர்கள் எவரும் கிரேக்கக் குருதியினர் அல்லர். அவர்கள் கற்றார்கள், ஆராய்ந்தார்கள், அடுத்தவருக்கு அளித்தார்கள். அதனால் கிரேக்க மரபுக்கு உரியவரானார்கள்.

இதற்கு நம்மிடையேயும் சான்று உண்டு. பேராசிரியர் க. கைலாசபதி 1933ஆம் ஆண்டில் நம் கோலாலம்பூரில் பிறந்தவர். பின்னர் இலங்கையில் வாழ்ந்தவர். பர்மிங்காமில் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, ஹோமரின் காவியங்களை ஆராயக் கையாண்ட முறையினால் சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். அந்நூல் 1968ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. பாணரின் வாய்மொழி மரபைப் புதிய ஒளியில் காண அது உதவியது. அவர் முடிவுகளை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். எனினும் யவனரின் மரபு கோலாலம்பூரில் பிறந்த ஒரு தமிழருக்கும் உரிமையாயிற்று என்பதை யாரும் மறுக்கவியலாது. அவ்வுரிமையை அவர் உழைத்தே பெற்றார்.

பெயரில்லாதோர்

மரபை ஏற்போர் அதன் நிறையை மட்டும் ஏற்றுக் குறையை விலக்கிவிடலாமா? ஏதென்ஸ் நகரின் மக்களாட்சியை உலகம் போற்றுகிறது. ஆனால் அங்கு பெண்டிருக்கும் அடிமைகளுக்கும் குடியேறிய அயலாருக்கும் வாக்கில்லை. கி.மு. 483இல் லாரியம் என்னும் இடத்துச் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. தெமிஸ்டாக்ளிஸின் அறிவுரைப்படி ஏதென்ஸ் அச்செல்வத்தைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்டியது, அக்கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் வெற்றி தந்தன. அந்த வெள்ளியைத் தோண்டியவர் அடிமைகள். பிற்காலத்தில் நிக்கியாஸ் என்னும் செல்வர் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்ததாக செனபோன் எழுதுகிறார். செல்வரின் பெயர் நிலைத்தது. ஆயிரவர் பெயர் நிலைக்கவில்லை. அறநூல் எழுதிய அரிஸ்டாட்டிலே, சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று வாதிட்டார். அவ்வளவு பெரிய அறிவும் தன் காலத்தின் இருளைக் கடக்கவில்லை.

இதனைப் படிக்கும்பொழுது என் நினைவு ரவாங்கை நோக்கித் திரும்புகிறது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்குள்ள தம் ஈயச் சுரங்கத்தில் மின்னாற்றலைப் பயன்படுத்தினர். மலாயாவில் மின்சார வரலாறு இவ்வூரிலிருந்து தொடங்கியது எனப் பெருமையுடன் கூறுகிறோம். பத்துமலைக் கோயிலோடும் இணைத்து நினைக்கப்படுபவர் தம்புசாமிப் பிள்ளை. அவ்விருவர் பெயரும் நிலைத்திருத்தல் தகும். ஆனால் நம்மவர் ஈய லம்பங்கள் என்று வழங்கிய அச்சுரங்கங்களில் சேற்றில் நின்று உழைத்தோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். இருப்புப் பாதையிலும், பின்னர் சுற்றிலும் எழுந்த ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தோருள் பெருந்தொகையினர், ஒப்பந்தத்தின் பேரிலும் கங்காணிகளின் வழியாகவும் வந்த தமிழர். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? மிளகைப் பறித்தவர் பெயரைக் கேட்ட மாணவி, உண்மையில் இவர்கள் பெயரையே கேட்டாள்.

இங்கு ஒரு தடை எழலாம். கூலி என்று இகழப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நிற்கப் பழம்பெருமை வேண்டாவா? அதையும் ஆராய்ந்து குறைத்துவிட்டால் அவர்களுக்கு எஞ்சுவது என்ன? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. 1966ஆம் ஆண்டில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, தோட்டப்புறத்துத் தமிழரும் தம் மொழியை உலகம் மதிப்பதைக் கண்டு தலைநிமிர்ந்தனர். அந்நிமிர்வை நான் குறைத்து மதிப்பிடேன். அதன் பயனைப் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆயினும் பாட்டியின் உழைப்பைக் கண்டு நாணும் பிள்ளைக்கு, ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னனின் பெயர் நிலையான துணையாகாது. முசிறியைப் போற்றித் தோட்டத்து வீட்டை மறைக்கச் செய்யும் பெருமை, பெருமை போலத் தோன்றும் நாணமே.

உரைகல்

தென் தாய்லாந்தில் கிராபி மாநிலத்தில் குலோங் தோம் என்னும் ஊர் உள்ளது. அதுவும் நம் தீபகற்பத்தைச் சேர்ந்ததே. அங்கு ஒரு சிறு கல் கிடைத்தது. பொன்னின் மாற்றைத் தேய்த்துப் பார்க்கும் உரைகல் அது. அதில் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுக்குரிய தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கை நாம் அறிவோம். கடல் கடந்து வந்த ஒரு கைவினைஞன், தான் நாளும் பயன்படுத்திய கருவியில் தன் பெயரை எழுதி வைத்தான்.

மரபை நாம் இந்த உரைகல்லைப் போலக் கொள்ளுதல் வேண்டும் என்பதே என் துணிபு. அணிகலனைப் பிறர் காண அணிகிறோம். உரைகல்லில் நம் பொன்னைத் தேய்த்துப் பார்க்கிறோம். முன்னோர் கடல் கடந்து பிற மொழியினரோடு பழகினர் என்றால், நாம் அண்டை வீட்டு மலாய்க்காரரோடும் சீனரோடும் எவ்வாறு பழகுகிறோம்? அவர்கள் பாடலை நமக்கு விட்டுச் சென்றனர் என்றால், நாம் நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்வோம்? இவ்வாறு தேய்த்துப் பார்க்கும்பொழுது கல்லையும் ஐயுறலாம். அங்காடியில் கைவினைஞரையும் இளைஞரையும் நிறுத்தி வினவிய சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதவில்லை. கி.மு. 399இல் ஏதென்ஸ் அவருக்கு நஞ்சு தந்தது. அவர் பேச்சு இன்றும் நம்மை எட்டுகிறதென்றால், பிளேட்டோவும் செனபோனும் அதனை எழுதி வைத்ததே காரணம். ஏதென்ஸின் பெருமையையே வினவியவர், ஏதென்ஸின் பெருமையாகி நிற்கிறார். ஆதலின் வினாவுக்கு அஞ்சும் மரபு வாழாது.

ஆசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. சோபோக்ளீஸ் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுமையாக எஞ்சியவை ஏழு. பள்ளிகளில் பாடமாக ஓதப்பட்டவையே பெரும்பாலும் படியெடுக்கப்பட்டுத் தப்பின என்று ஆய்வாளர் கருதுவர். நம் ஏடுகளுக்கும் அழிவு நேர்ந்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியிராவிடின் எத்தனையோ நூல்கள் மறைந்திருக்கும். அவர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டது 1894ஆம் ஆண்டில். ரவாங்கில் மின்னாற்றல் வந்த அதே ஆண்டில். எது வாழும், எது மறையும் என்பதை ஒரு வகையில் வகுப்பறைகளே முடிவு செய்கின்றன. இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் மாணவர் தொகை குறைந்துவரும் சிறு பள்ளிகளும் பல. மாணவர் பத்துப்பேரே இருப்பினும், அங்கு ஓதப்படுவது அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

அம்மாணவிக்கு நான் இறுதியில் கூறிய விடையைச் சொல்லி முடிக்கிறேன். மிளகைப் பறித்தவர் பெயர் கிடைக்கவில்லை என்று மறைக்காமல் கூறினேன். ஆனால் எகிப்தின் செங்கடல் துறைகளில் உடைந்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன், கொற்றன் என்னும் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அவை மன்னரின் பெயராகத் தோன்றவில்லை. தம் பானை எது என்று அறிய எளிய மாந்தர் எழுதி வைத்தவை எனலாம். எழுதத் தெரிந்ததனால் அவர்கள் ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் நம்மோடு பேசுகின்றனர் என்றேன். "உன் பாட்டியைக் கேட்டு எழுதி வா, அம்மா" என்றும் சொன்னேன்.

அவள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். முதல் வரியில் பாட்டியின் முழுப்பெயர் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்றது, மழை நாளில் வேலையும் கூலியும் இல்லாதது, பால் வாளியைச் சுமந்து தோள் காய்த்தது ஆகியவை தொடர்ந்தன. எழுத்துப் பிழைகள் சில இருந்தன, திருத்தினேன். பெயரில் பிழை இல்லை.

முன்னோர் புகழ் நமக்கு உரியதா? பிறந்ததனால் மட்டும் அன்று. கற்று, குறை நிறை ஆராய்ந்து, பெயரில்லாதோரையும் நினைந்து, அடுத்தவர் கையில் ஒப்படைக்கும்பொழுது அது நமக்கு உரியதாகும். அதுவரை அது நம்மிடம் உள்ள கடனே. அக்கடனை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே தீர்த்தல் வேண்டும்.