உன் லென்ஸை நீயே தேர்ந்தெடு!

"எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறாயா, தோழா? ஒருவர் 24-70 எஃப் 2.8 இல்லாதவன் போட்டோகிராபரே இல்லை என்பார். இன்னொருவர் 24-105 எஃப் 4 போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல பிளாஷ் வாங்கு என்பார். மூன்றாமவர் 28-75 என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலைக்கு எது உதவியதோ, அதைச் சொல்கிறார்கள். உன் வேலை என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நீ!

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கியவன் நீ. அதன் முன்னால் எதை மாட்டுவது என்று முடிவெடுக்க மட்டும் ஏன் நடுங்குகிறாய்?

ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டும் என்ற ஆசை இன்று பிறந்ததல்ல. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் 1959-ல் வந்தது. ஃபோக்ட்லாண்டரின் ஜூமார், 36-82, எஃப் 2.8. அன்று முதல் இன்றுவரை எதையாவது விட்டுக்கொடுக்காமல் எதுவும் கிடைத்ததில்லை. 105 வரையும் வேண்டும், 2.8-ம் வேண்டும் என்றவர்களுக்காக 2023-ல் கேனான் ஒரு லென்ஸ் கொண்டுவந்தது. எடை 1.3 கிலோ! எதை விட்டுக்கொடுப்பாய் என்பதுதான் உன் முன்னால் நிற்கும் கேள்வி. அதற்கு அடுத்தவன் வாயைப் பார்க்காதே.

கல்யாண ஆர்டர் எடுக்கிறாயா? முகூர்த்த மேடைக்கு வா. விடிந்தும் விடியாத நேரம், மண்டபத்தின் மஞ்சள் விளக்கு, ஹோமப் புகை. மாப்பிள்ளையின் கை தாலியோடு முன்னே வருகிறது, அட்சதை பறக்கிறது. அந்த விரல்கள் கலங்காமல் பதிய ஷட்டர் ஸ்பீடு 1/200 ஆவது வேண்டும். எஃப் 4-ல் அதற்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டால், எஃப் 2.8-ல் 3200 போதும். ஒரு ஸ்டாப் என்பது இரட்டிப்பு வெளிச்சம். ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது உன் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். மாப்பிள்ளையின் கையை நிறுத்தாது! இந்த வேலைக்கு 2.8-க்குக் கொடுக்கும் காசு வீணே இல்லை.

அதே மண்டபத்தில் மணமகள் அறைக்குள் போ. சின்ன அறை. கண்ணாடி முன்னால் பெண், பூ வைத்துவிடும் அத்தை, நகைப்பெட்டியோடு சித்தி, உன் முதுகுக்குப் பின்னால் பீரோ. மூலைக்கு மூலை 24 மி.மீ. 84 டிகிரி பார்க்கும், 28 மி.மீ. 75 டிகிரிதான். காகிதத்தில் ஒன்பது டிகிரி அற்பம். அந்த அறையில் அது சித்தியின் முகம்! ஆனால் உன் வேலை திறந்த வெளியில் என்றால், நாலடி பின்னால் போக இடம் இருந்தால், டாம்ரான் 28-75-ஐத் தலைநிமிர்ந்து வாங்கு. இரண்டாம் தலைமுறை 540 கிராம்தான். சோனியின் முதல் 24-70 ஜி மாஸ்டர் 886 கிராம். நாள் முழுக்கச் சுமக்கும் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஊர் ஊராகப் போய்க் கோயிலும் சிற்பமும் சந்தையும் எடுக்கிறவனா? நல்ல வெயிலில் எஃப் 8 வைத்து எடுக்கும் உனக்கு 2.8 எதற்கு? 24-105 எஃப் 4 எடு. நிக்கான் வைத்திருந்தால் 24-120 இருக்கிறது. எஃப் 4-ல் பின்னணி கரையாது என்று யாராவது பயமுறுத்தினால் கணக்குப் போட்டுக் காட்டு. 70-ஐ 2.8-ஆல் வகுத்தால் 25. 105-ஐ 4-ஆல் வகுத்தால் 26 சொச்சம். வெளிச்சம் நுழையும் வாசலின் அகலம், மில்லிமீட்டரில், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, முகம் அதே அளவில் வரும்படி 105-ல் எடுத்துப் பார். தொலைவில் இருக்கும் பின்னணி கிட்டத்தட்ட அதே அளவு கரையும். யார் சொன்னாலும் நம்பாதே, நீயே எடுத்துப் பார்!

சாட்சி உன் ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கிறது. லைட்ரூமில் இத்தனை நாள் எடுத்த படங்களை ஃபோக்கல் லெங்த் வாரியாகப் பிரி. பழைய கேமரா ஏபிஎஸ்-சி என்றால் அந்த எண்ணை 1.5-ஆல், கேனான் என்றால் 1.6-ஆல் பெருக்கு. படங்கள் எங்கே குவிகின்றன? டெலி முனையில் முட்டிக்கொண்டு நிற்கின்றனவா, வைட் முனையிலா? ஐஎஸ்ஓ எந்தப் படங்களில் எகிறியிருக்கிறது? இதைவிட நேர்மையான ஆலோசகர் உனக்குக் கிடைக்கமாட்டார்.

முடிவுக்கு வந்ததும் அதே லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உன் பாடியில் மாட்டி வேலை செய். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்கு, சோதித்து வாங்கு. முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பார். சிலந்தி வலைபோல் மெல்லிய இழை ஓடினால் அது ஃபங்கஸ், தொடாதே. செங்கல் சுவருக்கு நேராக நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, இரு முனையிலும் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ சாய்ந்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கடைக்காரர் "இதைவிடப் பெரிசா ஒண்ணு இருக்கு தம்பி" என்று வேறு பெட்டியை எடுத்து நீட்டுவார். "வேண்டாம் அண்ணே, எனக்கு இதுதான். பில் போடுங்க" என்று சொல்!