கோடைக் கண்மாயில் விரால்

சித்திரை வெயிலில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்கள் முழங்காலளவுக்கு வற்றும்போது, ஊரே வலையும் ஊத்தாவுமாய் இறங்குவதைக் கண்டிருக்கிறோம். சூடேறிய நீரில் பிராணவாயு குறைய, கெண்டைகள் தத்தளிக்கும். விராலோ மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். அதைக் காக்கும் அந்த மூச்சே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. முழங்கை நீள விரால் என்றால் குழம்பை நினைக்கும் நாவு நமக்கும் உண்டுதான்!

"எப்படியும் சாகப்போகிற மீன்தானே" என்பர். கெண்டைக்கு இது பொருந்தலாம், விராலுக்குப் பொருந்தாது. ஈரம் காயாத சேற்றில் புதைந்து, மழை வரும்வரை அது உயிர் தரிக்க வல்லது. பின்பு முட்டையிட்டு, குஞ்சுகளைக் கூடவே நின்று காக்கும். எனவே நாம் பிடிப்பது சாகவிருந்த மீனையன்று. அடுத்த தலைமுறையின் பெற்றோரை.

கூட்டில் குஞ்சுகளை எடுத்தாலும் தாய்ப்பறவையைப் போகவிடச் சொல்கிறது இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம். உண்பதை அது தடுக்கவில்லை, எல்லை வகுக்கிறது. ஆயினும், கோடையில் கூலியின்றித் தவிக்கும் தகப்பனிடம், கைக்கு வந்த பெரிய விராலை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு நா எழுமோ? அவர் வீட்டிலும் குஞ்சுகள் உண்டன்றோ! சந்தையில் பெரியதையே கேட்டு, கூடுதல் விலை கொடுப்பவர்கள் நாம்.