கவனிக்கும் கண்கள்

திருத்தணி மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அவை அமைந்தன என்பர். மலையடிவாரத்து ஊரிலிருந்து காலைதோறும் புறநகர் இரயிலேறி, மக்கள் சென்னைக்குப் பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் இல்லாத வீட்டில் குழந்தையையும் முதியவரையும் கவனிப்பவர் யார்? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

பொதட்டூர்ப்பேட்டை போன்ற இப்பகுதி நெசவாளர் ஊர்களில் வீடே தொழிற்கூடமாய் இருந்தது. தறிக்கருகில் தார் சுற்றிய பாட்டியின் பார்வையிலேயே பேரக்குழந்தை வளர்ந்தது. குழந்தையின் காய்ச்சலும் பாட்டியின் கைநடுக்கமும் அன்றன்றே பிறர் கண்ணில் பட்டன. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கிடைத்தது. மருத்துவம் என்று எவரும் பெயரிடாத மருத்துவம் அது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றிவிட நம்மால் இயலவில்லை. அனைவரையும் கவனித்த மருமகளைக் கவனித்தவர் யார்? எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, தன் களைப்பைச் சொல்லாமலே மறைத்தவள் அவளன்றோ? கூட்டுக் குடும்பத்தின் நலம் பலவேளைகளில் ஒரு பெண்ணின் உடல்நலத்தை விலையாகக் கேட்டது.

இன்று குடும்பம் சுருங்கிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. ஐவர் பகிர்ந்த பொறுப்பை ஒருவரோ இருவரோ சுமக்கின்றனர். நடுவயதினர் தம் இரத்த அழுத்தத்தைச் சோதிப்பதைத் தள்ளிப்போடுகின்றனர். முதியவரோ, பிள்ளைகள் கலங்குவரே என்று, தொலைபேசியில் 'நலம்' என்றே சொல்கிறார். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. நன்று. ஆனால் மாத்திரை உண்ணப்பட்டதா, தட்டில் சோறு ஏன் மிஞ்சியது என்று காண்பதற்கு வீட்டிற்குள் ஒரு கண் வேண்டும். தனிமையும் உடல்நலச் சிக்கலே என்று கண்டு, உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணையத்தையே அமைத்தது.

ஆகவே, பிரிந்து வாழ்வது குற்றமன்று. சேர்ந்து வாழ்வது மட்டுமே அறமும் அன்று. கவனிப்பதே அறம். பெற்றோரை மதிக்கும் கட்டளை மகளுக்கும் மருமகளுக்கும் மட்டுமா தரப்பட்டது? மகனும் மருமகனும் அச்சுமையில் தம் பங்கை ஏற்கட்டும். அண்டை வீட்டாராகிய நாமும் ஏற்போம். பூட்டிய கதவைத் தட்டி, 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்க உறவுமுறை தேவையில்லை. திருநாளன்று மட்டும் கேட்பது போதாது. ஆண்டின் 365 நாட்களும் கேட்க வேண்டிய கேள்வி அது.