எது இல்லாவிட்டால் எல்லாம் வீண்?



ஒரு திட்டம் வெற்றி பெறப் பணம், ஆட்கள், அறிவு எனப் பலவும் வேண்டும். ஆனால் எது இல்லாவிட்டால் மற்றவை யாவும் வீணாகுமோ, அதை முதலில் கண்டறிவதே பொறுப்பிலிருப்போர் கடமை.

ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. ஆய்வு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுள் புதைந்தன. பல உயிர்கள் மாண்டன.

"சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்பது எளிது. எங்கே போவது? லயம் தோட்டத்துக்குரியது, கையில் ஒரு துண்டுக் காணியும் இல்லை. மாற்று நிலமும் வீடும் காட்டாத எச்சரிக்கை, ஏழைக்கு வெறுங் காகிதமே. 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன, அழிவுக்குப் பின்! அவற்றைக் கட்ட முடியுமென்றால், முன்னரே கட்டியிருக்க முடியாதா?

உங்கள் சங்கத்திலும் நாளை ஒரு திட்டம் தீட்டுவீர்கள். அப்போது கடைசியில் நிற்பவரிடம் சென்று, "இதன்படி நடக்க உமக்கு எது தடை?" என்று கேளுங்கள். அந்தத் தடையை நீக்குவதே முதல் வேலை.