வெள்ளம் வடிந்த பிறகு
(இளைஞர்களுக்கான ஜும்ஆ உரை)

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அன்பு இளைஞர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நினைவூட்டுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவை நம் புதுவை மறக்காது. ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் விலகாமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க இராணுவமே வர வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் இளைஞர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். யாரோ ஒரு பாட்டியைத் தூக்கி வந்தார்கள், யாரோ ஒரு குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்தார்கள். நீ எந்த மதம், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக!

இப்போது ஒரு கேள்வி. தண்ணீர் வடிந்ததே, அந்த இரக்கமும் அதோடு சேர்ந்து வடிந்துவிட்டதா? புயல் வந்தால் மட்டுமே வரும் இரக்கம் நம்முடைய குணமா, புயலின் வேலையா?

அன்பு இளைஞர்களே! ஆபத்து நேரத்தில் உதவுவது பெரிய நன்மை. ஆனால் அப்போது நம் உள்ளம் தானாகவே இளகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் பாராட்டவும் செய்கிறார்கள். யாரும் பாராட்டாத சாதாரண நாளில்தான் நம் குணம் தெரியும். வெள்ளத்தில் முன்பின் தெரியாத பாட்டியைத் தூக்கிய கை, வீட்டில் உம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும்போது செல்போனை விட்டு எழுகிறதா?

அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஏறத்தாழ பத்து வயதில் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்து ஆண்டுகள் உடனிருந்தும் நபியவர்கள் தம்மை ஒருமுறைகூட ‘ச்சீ’ என்று சொன்னதில்லை என்று பிற்காலத்தில் அறிவித்தார்கள். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், வழியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நபியவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். செல்லமாக ‘உனைஸ்’ என்றழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அன்று எவரும் குறித்து வைக்காத அந்தச் சிரிப்பை அனஸ் (ரலி) முதுமை வரை மறக்கவில்லை.

இது பெரியவர்களுக்கும் பாடம். பிள்ளைகளிடம் கனிவைக் காட்டாமல் கனிவை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு நிகழ்ச்சி. மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒரு கருநிறப் பெண் இறந்துபோனார். இதை எதற்கு நபியவர்களிடம் சொல்வானேன் என்று தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். நபியவர்கள் அவரைக் காணாமல் விசாரித்தார்கள், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள், கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். மற்றவர்கள் சிறிதாக நினைத்த ஒருவரை அல்லாஹ்வின் தூதர் தேடினார்கள்!

வெள்ளம் வடிந்தபின் நம் வீதிகளில் சேறு அள்ளியவர்களை நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் காலையில் குப்பை எடுக்க வருகிறாரே, அவரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? ‘ஏய்’ என்றா, ‘அண்ணே’, ‘அக்கா’ என்றா?

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நடைபாதை வியாபாரியிடம் பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறோம். பிறகு நண்பர்களோடு கடையில் உட்கார்ந்து ஐந்நூறு ரூபாயை யோசிக்காமல் செலவழிக்கிறோம். வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு நபியவர்கள் துஆச் செய்திருப்பதை மறந்துவிடுகிறோம். ஒருவரையொருவர் கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். நம் வாட்ஸ்அப் குழுக்களில் பாதி அதுவாகத்தான் இருக்கிறது.

மாலையானால் நம் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. முதியவர்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். அந்த நிம்மதியை அங்கே ஒரு தடுப்பு தருகிறது. மற்ற வீதிகளில் தடுப்பு இல்லை. அங்கே அவர்களின் நிம்மதி, பைக்கின் பிரேக்கைப் பிடித்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து மெதுவாகப் போவது சட்டம். அல்லாஹ் பார்க்கிறான் என்று மெதுவாகப் போவது ஈமான்.

ஆகவே, இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். உம்மாவிடமும் அத்தாவிடமும் ஐந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். நீங்கள் கேலி செய்த ஒருவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். நாள்தோறும் உங்களுக்காக உழைக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் இளைஞர்களின் உள்ளங்களை மென்மையாக்குவாயாக! ஆபத்தில் அவர்களுக்கு நீ தந்த இரக்கத்தை அமைதியான நாட்களிலும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.